சமமானவற்றுள் ஒன்று

சமமான பலவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு நியாயம் உண்டா என்ற வினா மெய்யியலில் மிகப் பழையது. போதிய காரணம் இல்லாதவிடத்துத் தெரிவே நிகழாது என்பது லைப்னிற்சின் நிலைப்பாடு. இவ்வினாவைக் கணனியியல் இன்று வேறொரு கோலத்திற் சந்திக்கின்றது.

பல கணனிகள் இணைந்து தொழிற்படும் வலையமைப்பில், பணியை ஒழுங்குசெய்ய அவற்றுள் ஒன்று தலைமை ஏற்கவேண்டியுள்ளது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பின், பெரிய எண்ணுடையதே தலைமை என விதித்துவிடலாம். எல்லாம் பெயரற்றனவாய், ஒரே விதியைப் பின்பற்றுவனவாய், வட்டமாக ஒரேவகையில் இணைந்தனவாய் இருப்பின் யாது செய்வது? ஒன்று தன்னைத் தலைமை என அறிவிக்கும் கணத்தில் மற்றெல்லாமும் அவ்வாறே அறிவிக்கும். இந்நிலையில் விதியால் மட்டும் தலைமையைத் தெரிதல் இயலாதென்பதை டானா ஆங்க்ளுயின் 1980 இல் நிறுவினார். நாணயம் சுண்டலாம், ஆயின் எத்தனை முறை சுண்டினும், அனைத்துக்கும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு முற்றாக நீங்காது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையில் இவ்விடர் இல்லை. ஆங்கு ஓலையை எடுக்கும் சிறுவனின் கை போட்டிக்குப் புறத்தே இருந்தது. வலையமைப்பில் அத்தகைய கை இல்லை.

குவாண்டம் எனவும் வழங்கும் சத்திச்சொட்டுப் பௌதிகம் இங்கு எதிர்பாராத வழியொன்றைக் காட்டுகின்றது. மூன்று துணிக்கைகளை, அளக்கும்போது ஏதேனும் ஒன்றில் மட்டுமே 1 உம் ஏனைய இரண்டிலும் 0 உம் தோன்றுமாறு பிணைத்து வைக்கலாம். 1 தோன்றுவதற்கான நிகழ்தகவு மூன்றுக்கும் சமம். கணனிக்கு ஒன்றாகப் பகிர்ந்தளித்தால், செய்தி எதுவும் பரிமாறாமலே, 1 ஐக் கண்டது தலைமை ஏற்கும். இரண்டு தலைமைகள் தோன்றுதலோ, ஒன்றும் தோன்றாமையோ நிகழாது. டி'ஹொண்டும் பனங்காடனும் 2006 இல் இதனை ஆராய்ந்துள்ளனர்.

மூன்று உறைகளுள் ஒன்றில் அடையாளமிட்டு, மூடிக் கொடுப்பதிலும் இது எவ்வாறு வேறுபடும் என வினவலாம். எமது பிரச்சினையின் உயிர்நிலை இதுவே. உறைகளைப் பொறுத்தவரை தெரிவு முன்னரே முடிந்துவிட்டது; நாம் அதனை அறியாதிருக்கிறோம், அவ்வளவே. உறையிட்டவன் அறிவான். பிணைந்த துணிக்கைகளிலோ, மரபாக வழங்கும் விளக்கத்தின்படி (மாற்று விளக்கங்களும் உள), அளக்கும்வரை அறிவதற்கு எதுவுமே இல்லை. சமநிலை இறுதிக் கணம்வரை குலையாது நிற்கின்றது. காரணமற்ற தெரிவு அநீதியானது என்று எண்ணப் பழகியுள்ளோம். இங்கு தெரியப்பட்டது அதனைத் தன் தகுதி எனக் கூறவோ, ஏனையவை பாரபட்சம் எனக் குறைகூறவோ இடமில்லாமையின், காரணமின்மையே தெரிவை நீதியாக்குகின்றது என்பது என் துணிபு.

ஆயினும் துணிக்கைகளைப் பிணைத்துத் தருபவன் யார்? அவன் சமமாகவே பிணைத்தான் என எவ்வாறு நம்புவது? புறத்தே ஒரு கை மீண்டும் வந்துவிடுகின்றதன்றோ? 2005 இல் தானி, கோபயாஷி, மற்சுமோட்டோ ஆகியோர் வகுத்த முறையில் இக்கை தேவைப்படவில்லை. தம் எண்ணிக்கையை அறிந்த கணனிகள் சத்திச்சொட்டுச் செய்திகளைத் தமக்குள் பரிமாறியே, தவறாது ஒரு தலைமையைத் தெரிகின்றன. ஒவ்வொரு கணனியும் விதியைப் பிறழாது பின்பற்றும் என்ற எடுகோளை மட்டும் அம்முறையும் கைவிடவில்லை.