கேட்டது கணக்கில் வருமா?

"கண்டால்தான் கணக்கு, மாமா" என்பது என் மருமகனின் கட்சி. இலங்கைக்கே உரிய பறவைகள் 30-க்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியலில் அடையாளமிடுகிறவர் அவர். ஹோர்ட்டன் சமவெளியில் அவருக்குப் பிடிகொடுக்காதது அரெங்கா என்கிற சீழ்க்கைக் குருவி. விடியும் பொழுதில் ஓடையோரப் புதருக்குள்ளிருந்து ஊசிபோல ஒரு சீழ்க்கை வரும். அவ்வளவுதான். ஆணின் தோளில் நீலம் மின்னும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்ததே.

நான் சைவ சித்தாந்தம் படிப்பித்தவன். சும்மா இருக்க முடியுமா? அறிவதற்கு அளவை மூன்று: காண்டல், கருதல், உரை. காதால் கேட்பதும் காண்டலே. கேட்ட சீழ்க்கையிலிருந்து குருவி உண்டென்று துணிவதுதான் கருதல். புகையைக் கண்டு நெருப்பை அறிவதற்கு நிகரானது அது. அதை ஏன் தள்ள வேண்டும்?

சாட்சிக்கு ஓர் ஆந்தையை அழைத்தேன். 1995-இல் பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொட கித்துல்கலக் காட்டில், இன்னதென்று தெரியாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்கு உரியதை அவர் கண்டது 2001-இல், சிங்கராஜ வனத்தில். செம்பழுப்பு நிறம், காதுத் தூவி கிடையாது, சாண் அளவுகூட இல்லாத உடம்பு. 1868-இல் அரெங்கா கண்டறியப்பட்ட பிறகு இந்தத் தீவில் அறியவந்த முதல் புதிய பறவை அதுதான்.

"உலகம் காரியம், ஆகவே கர்த்தா உண்டு என்பதும் இதே வழிதான்" என்றேன். மருமகன் அங்கேதான் மடக்கினார்: "தேடிப்போன இடத்தில் தவளை இருந்திருந்தால், தவளை என்றே அவர் எழுதியிருப்பார். உங்கள் கருதலுக்கு அப்படி ஒரு சோதனை உண்டா, மாமா?"

இல்லை. எந்தக் கிளையிலும் வந்து அமராதவனை ஆந்தையைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் அதே ஆந்தை இன்னொன்றைச் சொல்லித் தருகிறது. 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ மரங்களை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். இயற்கைப் பாதுகாப்பாளர் திலோ ஹொஃப்மன் அதை எதிர்த்துப் போராடினார். 1977-இல் வெட்டு நின்றது. அந்தக் காட்டில் இப்படி ஓர் ஆந்தை இருப்பது அப்போது எவருக்கும் தெரியாது. 2004-இல் அறிவியல் பெயர் சூட்டியபோது அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். தெரியாத உயிருக்கும் சேர்த்துத்தான் அவர் காட்டைக் காத்திருக்கிறார். காணாததற்கும் இடம் விட்டு நடப்பது: பக்தி என்று நான் நம்புவதில் பாதி இதுதான். நிரூபணம் இதற்குத் தேவைப்படவில்லை.

கைபேசியில் சீழ்க்கையை ஒலிக்கவிட்டால், எல்லைக்குள் போட்டியாள் புகுந்துவிட்டதென்று அரெங்கா வெளியே வரக்கூடும். இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கும். மருமகன் அந்த வேலையைச் செய்வதில்லை. கண்டால்தான் கணக்கு என்கிறவர், காணாமலே திரும்பவும் சம்மதிக்கிறார். பறவை பார்ப்பவனுக்கு அது சாதாரண ஒழுங்கு என்பார். சித்தாந்தத்தில் அதற்கு இடம் காட்ட என்னால் முடியும். காட்டினால் மறுபடி வாதம் தொடங்கும்.