'மனித' என்கிற அடைமொழி

சோதனைக்கூடங்களுக்கு விற்கப்படும் சில புரதக் குப்பிகளோடு இரண்டு வாசகங்கள் சேர்ந்தே வருகின்றன. உள்ளே இருப்பது மனிதப் புரதம் என்பது ஒன்று. ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக்கூடாது என்பது மற்றது. சட்டப்படி இதில் முரண் இல்லை. மருந்தாகச் சோதிக்கப்படாத ஒன்றை வேறு எப்படியும் விற்க முடியாது. ஆனால் முதல் வாசகத்திலுள்ள 'மனித' என்ற சொல் எதைக் குறிக்கிறது? சொற்களோடு மல்லுக்கட்டுகிற நமக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

ஓர் உதாரணம்: டி.டி.பி.-43. ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, ஜீனிலிருந்து வரும் செய்தி வெட்டி ஒட்டப்படுவதில் பங்கேற்கும் புரதம் இது. 414 அமினோ அமிலங்கள் கொண்டது. 1995இல் அடையாளம் காணப்பட்டது. ஏ.எல்.எஸ். என்ற நோயில் கை கால்கள் ஓய்ந்து, முடிவில் மூச்சுத் தசைகளும் நின்றுபோகும். அந்நோயாளிகளின் நரம்புச் செல்களில் திரண்டு கிடப்பது இந்தப் புரதம்தான் என்று 2006இல் தெரிந்தது. இறந்தவர்களின் மூளைத் திசுவைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏன் திரள்கிறது என்று குப்பியில் வைத்துப் பார்க்க இப்போது அது வேண்டியிருக்கிறது.

அதற்காக யாருடைய மூளையையும் பிழிவதில்லை. பெரும்பாலும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவிடம் ஜீனைக் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். அந்த ஜீனும் நம் உடம்பில் உள்ளபடியே இருக்கவேண்டியதில்லை. பாக்டீரியாவுக்குப் பழகிய எழுத்துக்கூட்டலில் மாற்றி எழுதிக்கொள்ளலாம், புரதம் மாறாது. பிரித்தெடுக்க வசதியாக நுனியில் ஆறு ஹிஸ்டிடின்களைச் சேர்ப்பதும் உண்டு. மனிதச் செல் தன் புரதங்களின்மேல் போடும் பாஸ்பேட் முத்திரைகள் பெரும்பாலும் அதில் விழுவதில்லை. ஆக, பொருள் மனிதனுடையதல்ல, செய்தவனும் மனிதனல்ல, எழுத்தும் அப்படியே இல்லை. மிஞ்சுவது அமினோ அமிலங்களின் வரிசை மட்டும். பாஷை தெரியாதவன் பிரதி எடுத்த ஏட்டை நாம் மூல ஆசிரியன் பெயரால் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இங்கே காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு இதன் இன்னொரு வழியில் பாதி தெரியும். கிராசரி நோய் வந்தால் புழு வீங்கித் தோல் கிழிந்து பால்போல நீர் வடிந்து சாகும். தருமபுரி அங்காடிக்குக் கூடு போகவேண்டிய இடத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடவேண்டியதுதான். அந்த நோயை உண்டாக்கும் வைரஸுக்குள் மனித இன்டர்ஃபெரான் ஜீனை வைத்து, பட்டுப்புழுவின் உடல் திரவத்தில் அந்தப் புரதத்தை உண்டாக்கிக் காட்டினார்கள், ஜப்பானில், 1985இல். நம் விவசாயி நஷ்டம் என்று புதைக்கிற புழுவில் 'மனித' என்கிற அடைமொழி ஏறக்கூடும். இதில் ஆச்சரியப்படலாம், அருவருப்புக்கு இடமில்லை.

ஆகவே, மனித உடம்பைச் சேர்ந்த எல்லாம் புனிதம் என்ற கட்சி இங்கே செல்லாது. குப்பியில் இருப்பது உடம்பே அல்ல. ஆனால் வரிசை வெறும் தகவல், அதற்கு யாருக்கும் கடன் இல்லை என்ற எதிர்க்கட்சியையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தகவல் என்பது வானத்திலிருந்து இறங்குவதில்லை. யாரோ ஒருவர் கை நீட்டியிருக்கிறார்.

1997இல் அமெரிக்காவில் பஃபலோ நகரப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஜீனோம் திட்டத்துக்காக ரத்தம் கேட்டார்கள். பலர் கொடுப்பதால், ஒருவருடைய பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாது என்று எதிர்பார்ப்பதாக ஒப்புதல் படிவம் சொல்லிற்று. 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட மனித வரிசையில் சுமார் 70 சதவீதம் பஃபலோவைச் சேர்ந்த ஒரே மனிதருடையது. அவர் பெயர் வெளியாகவில்லை. 'மனித வரிசை' என்று உலகம் பல வருஷங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரும்பகுதி, தன்னிடம் சொல்லப்பட்டதைவிட ஏழு மடங்கு கொடுத்துவிட்ட ஒருவருடையது. அவர் உடம்புக்கு ஒரு தீங்கும் இல்லை. பெயர் ரகசியமும் காக்கப்பட்டது. ஆனாலும் ஒரு தவறு நடந்திருக்கிறது. அது மூலக்கூற்றில் இல்லை, அவரிடம் சொன்ன வாக்கியத்தில் இருக்கிறது.

தூரதேசத்து விவகாரம் என்று இதை ஒதுக்க முடியாது. இந்திய ஜீனோம் திட்டத்தில் 10,000 பேரின் ஜீனோம் படித்தாகிவிட்டது என்று 2024இல் அறிவித்தார்கள். இனியும் பலரைக் கேட்பார்கள். கேழ்வரகு விதைக்கிற, புழுவுக்குத் தழை போடுகிற ஆட்களையும் கேட்கலாம். 'மனித' என்ற சொல்லுக்குப் புரதத்தில் நான் தேடிய அர்த்தம் அங்கே கிடைக்கவில்லை. கையெழுத்து வாங்குகிறவர் சொன்ன சொல்லிலும், கொடுத்தவர் அதை நம்பியதிலும்தான் அது இருக்கிறதென்று தோன்றுகிறது. படிவம் அவருடைய பாஷையில் இருக்கிறதா, அதில் எழுதியபடி நடந்ததா, நடக்காவிட்டால் திரும்பி வந்து அவரிடம் சொன்னார்களா என்பதைத்தான் நாம் கேட்கவேண்டும்.