மென்மை யாருடையது?

சீனத் தற்காப்புக் கலைகளில் வலிமைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தசையை முறுக்கித் தள்ளும் முரட்டு வலு 'லி'. மூட்டுகள் தளர்ந்து, உடல் முழுவதும் ஒன்றாக இணைந்து, மூச்சோடு சேர்ந்து வெளிப்படும் வலு 'ஜின்'. 'லி' பிறவியிலேயே எல்லோரிடமும் இருக்கிறது. 'ஜின்' ஆண்டுக்கணக்கில் பயின்று பெறுவது. உள்ளிருந்து எழுவதால் அதை 'நெய்ஜின்' என்கிறார்கள். உள்வலு என்று சொல்லலாம்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே 'வலி' என்ற சொல் நினைவுக்கு வராமல் போகாது. குறளின் 48-ஆம் அதிகாரம் வலியறிதல். அங்கே வலி என்றால் வலிமை, அரசனுக்குச் சொன்னது. இன்று அதே சொல் நமக்கு நோவு. பெண்ணை 'மெல்லியல்' என்று அழைத்ததும் இதே மொழிதான். மென்மையே உயர்ந்த வலிமை என்று ஒரு மரபு சொல்லும்போது நாம் மகிழ்வதா, எச்சரிக்கையாக இருப்பதா?

அகம், புறம் என்ற பிரிவு அங்கும் இருக்கிறது. 1669-இல் ஹுவாங் சோங்சி என்ற அறிஞர், வாங் செங்நான் என்ற வீரருக்கு எழுதிய கல்லறை வாசகத்தில், ஷாவோலின் முறையைப் புறம் என்றும், அசையாமையால் அசைவை வெல்லும் முறையை அகம் என்றும் பிரித்தார். பின்னாளில் தாய்ச்சி, ஷிங்யீ, பாகுவா மூன்றும் அக மரபில் சேர்க்கப்பட்டன.

பயிற்சி மூச்சில் தொடங்குகிறது. தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலின் உட்புறத்தில் இருப்பதாகக் கருதப்படும் மையம் 'தான்தியன்'. கவனத்தை அங்கே நிறுத்தி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்தால் உதரவிதானம் கீழிறங்கும். வயிறு இடுப்பைச் சுற்றிலும் விரியும். தோள் உயரக் கூடாது, நெஞ்சு புடைக்கக் கூடாது. இது கைவந்த பிறகு சில பள்ளிகளில் தலைகீழ் மூச்சு: இழுக்கும்போது அடிவயிறு உள்ளே, விடும்போது வெளியே. அடி கொடுக்கும் கணமும் மூச்சு வெளியேறும் கணமும் ஒன்றாகிவிடும். 'சி' என்னும் உயிர்விசை உடலில் ஓடுவதாக மரபு விளக்கும். அதை நம்பாதவர்களும் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். மூச்சு இறங்கினால் தோள் இறங்கும். தோள் இறங்கினால் பாதம் தரையை உணரும்.

எளிய பயிற்சிதான். ஆனால் வயிறு விரிய வேண்டும் என்ற முதல் அடியிலேயே நான் தடுக்கி நின்றேன். "வயித்த உள்ள இழுத்து நில்லு" என்று கேட்டு வளர்ந்த உடல் இது. உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிந்து, நெஞ்சின் மேல்பாதியில் மட்டும் மூச்சுவிடப் பழகியது. எனக்கு மூச்சுவிடத் தெரியாமல் இல்லை. வயிற்றுக்கு இடம் தரப்படவில்லை.

சீனப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது இதைவிடப் பெரிது. வலு பாதத்தில் வேர்கொண்டு, கால் வழியே ஏறி, இடுப்பில் திசைபெற்று, விரல்களில் வெளிப்படும் என்பது தாய்ச்சியின் அடிப்படைப் பாடம். இந்தப் பாடம் வளர்ந்த காலத்திலேயே ஹான் சீனச் சிறுமியரின் பாதங்கள் துணியால் இறுகக் கட்டப்பட்டன. பெருவிரல் தவிர்த்த நான்கு விரல்களும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கப்பட்டன, எலும்பு முறிந்தது. தாவோ தே ஜிங் நீரையும் பள்ளத்தாக்கையும் பெண்மையையும் உயர்ந்த ஆற்றலின் உருவகங்களாகப் போற்றிய நாடு அது. உருவகத்தில் பெண் உச்சியில் இருந்தாள். வீட்டில் அவளால் ஊன்றி நிற்க முடியவில்லை.

சியூ ஜின் என்ற கவிஞரை இங்கே நினைக்கிறேன். 1875-இல் பிறந்தவர். கட்டிய பாதங்களை அவிழ்த்தார், 1904-இல் கணவரை விட்டு ஜப்பானுக்குப் படிக்கப் போனார், வாள் பயின்றார். மன்னராட்சிக்கு எதிரான எழுச்சியைத் திட்டமிட்டதற்காக 1907-இல் ஷாவோசிங்கில் தலை வெட்டப்பட்டது. பாதக்கட்டைத் தடைசெய்யும் ஆணையைப் புதிய குடியரசு 1912-இல் பிறப்பித்தது. பிறகு வந்த தலைமுறையில் சுன் லூதாங் என்ற புகழ்பெற்ற ஆசானின் மகள் சுன் ஜியான்யுன், தந்தையின் தாய்ச்சியைப் பல பத்தாண்டுகள் கற்பித்தார். ஊன்றப் பாதம் கிடைத்தபின் பெண்ணும் ஆசான் ஆனாள்.

ஆகவே என் கேள்வி மென்மை நல்லதா கெட்டதா என்பது பற்றியது இல்லை. ஆசானின் மென்மையும் மருமகளின் மென்மையும் ஒன்றா என்பதுதான். அக மரபே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. தளர்ச்சியை அவர்கள் 'சோங்' என்கிறார்கள். துவண்டு சரிவது சோங் ஆகாது. எலும்பு நிமிர்ந்திருக்க, வேண்டாத இறுக்கம் மட்டும் கழல்வது சோங். எதிராளியின் தள்ளலுக்கு ஆசான் இடம்கொடுக்கிறார் என்றால், அடுத்த கணம் அதைத் திருப்பிவிட அவரால் முடியும். திருப்பித் தள்ளும் உரிமை இல்லாதவளை வளைந்து கொடுக்கச் சொல்வது பயிற்சியாகாது. அது பணியவைத்தல். மறுக்க முடிந்தவளின் விட்டுக்கொடுப்புக்கு மட்டுமே அறமதிப்பு உண்டு.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'உனக்குள்ளே பலம் இருக்கிறது, மூச்சை இழுத்துவிட்டு அமைதியாக இரு' என்று சொல்லி நம்மை அதே இடத்தில் உட்காரவைக்கும் அறிவுரைகள் இன்று நிறைய. உள்வலு என்பது தாங்கிக்கொள்ளும் திறனாகச் சுருங்கிவிட்டால், குறளின் வலி எப்படி நோவானதோ அப்படித்தான் இதுவும் ஆகும். அந்தக் கலைகளில் மூச்சு, நிற்பதற்கும் நகர்வதற்கும் தேவைப்பட்டால் அடிப்பதற்குமான ஆயத்தம்.

என் மாணவியரிடம் நான் கேட்பது சிறியது. நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வயிறு விரியட்டும். பாதங்களை அகற்றி ஊன்றுங்கள். பேருந்திலும் வகுப்பறையிலும் வீட்டுக்கூடத்திலும் அந்த அளவு இடம் உங்களுடையது. மென்மையாக இருப்பதா வேண்டாமா என்பதை அங்கே நின்றபடி முடிவு செய்யுங்கள்.