மெட்டுக்குள் சோகம் இருக்கிறதா?

ஒரு மெட்டின் உணர்ச்சி மெட்டிலேயே இருக்கிறதா, கேட்பவர்தான் அதை ஏற்றிக்கொள்கிறாரா? இந்தப் பழைய கேள்விக்கு இத்தாலிய இசையமைப்பாளர் நீனோ ரோட்டாவின் வாழ்க்கையில் ஒரு வழக்கே இருக்கிறது. பதினொரு வயதில் யோவான் ஸ்நானகனைப் பற்றி ஓரட்டோரியோ (சமயக் கதையைப் பாடும் இசைப் படைப்பு) எழுதியவர். பின்னாளில் இயக்குநர் ஃபெலினியின் படங்களுக்கு சர்க்கஸ் வாசனையடிக்கும் இசை தந்தவர். 1958-இல் ‘ஃபார்ச்சுனெல்லா’ என்ற நகைச்சுவைப் படத்துக்கு அவர் போட்ட மெட்டு ஒன்று, 1972-இல் ‘காட்ஃபாதர்’ படத்தின் காதல் இசையாகத் திரும்ப வந்தது. முன்னதில் அது துள்ளிக்கொண்டு போகிறது. பின்னதில் வேகம் குறைந்து, மாண்டலினும் சேர, தொண்டை அடைக்கிறது. விஷயம் தெரிந்ததும், 1973-இல் ஆஸ்கர் அகாதமி பரிந்துரைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. (அந்த முறை பரிசு வாங்கிய சாப்ளினின் ‘லைம்லைட்’ 1952-இல் வந்த படம் என்பது தனி வேடிக்கை.)

புதிய இசைக்குத்தான் பரிசு என்ற விதிப்படி அகாதமி செய்தது சரியே. ஆனால் சுரங்கள் ஒன்றாக இருந்தும் அனுபவம் வேறாகிவிட்டதே! இசையின் உள்ளடக்கம் உணர்ச்சியல்ல, அசையும் ஒலி வடிவங்களே என்று இசை விமர்சகர் எட்வார்ட் ஹான்ஸ்லிக் 1854-இலேயே வாதிட்டார். இதற்கு இசையமைப்பாளர் ஹேண்டல் இன்னும் நல்ல சாட்சி. காதலை நம்பமாட்டேன் என்று பாடும் இத்தாலிய இருகுரல் பாட்டின் இசையை எடுத்து, 1741-இல் ‘மெசாயா’வில் இயேசு பிறப்பைப் பாடும் கோரஸாக்கினார். அதைக் கேட்டு உருகுகிற பக்தர் யாரும் ஏமாந்துபோனவர் அல்ல.

அப்படியானால் எந்த மெட்டும் எதற்கும் பொருந்திவிடுமா என்று கேட்கலாம். பொருந்தாது. ரோட்டாவின் அந்த மைனர் மெட்டு மேலே எழும்பி, அங்கே நிற்க முடியாமல் கீழே சரிகிறது. கோமாளியின் ஏக்கத்துக்கும் காதலனின் ஏக்கத்துக்கும் அந்தச் சரிவு இடம் தரும். வெற்றி ஊர்வலத்துக்குத் தராது. மெட்டில் இருப்பது ஒரு சாய்வு மட்டுமே. எதை நோக்கி என்பதை வேகமும் வாத்தியமும் சூழலும் முடிவுசெய்கின்றன. ஆகவே பிறப்பிலேயே புனிதமான மெட்டும் இல்லை, சினிமாவில் வந்ததால் தீட்டுப்பட்ட மெட்டும் இல்லை. பழையதை எடுத்தாண்டது சோம்பல்தானே என்பார்கள். சோம்பலாகவே இருக்கட்டும், அதனால் கேட்பவரின் துக்கம் பொய்யாகிவிடாது. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்திலும் அதே மெட்டு ஒலிக்கிறது. அந்தப் படத்தின் இசைக்காக ரோட்டாவுக்கும் கார்மைன் கொப்போலாவுக்கும் 1975-இல் ஆஸ்கர் கொடுத்தது அதே அகாதமிதான்.