பண்பைப் பாடமாக நடத்த முடியுமா?

பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் முன்னுரை எதுவும் கிடையாது. நற்பண்பு கற்பித்து வருவதா, பழகி வருவதா, பிறவியிலேயே வாய்ப்பதா என்று மெனோ என்ற இளைஞர் எடுத்த எடுப்பில் கேட்டுவிடுகிறார். சாக்ரடீஸ் அதை நெடுநேரம் அலசுகிறார். அப்படிக் கற்றுத்தர வல்லவர் யாரையும் அவரால் காட்ட முடியவில்லை. தெய்வ அருளால் வருவதாகத்தான் தோன்றுகிறது என்று சொல்லி முடிக்கிறார்.

பி.எட். படிக்க வரும் ஒவ்வொரு பட்டதாரியின் முன்னும் இதே கேள்வி நிற்கிறது. கணிதமும் வரலாறும் தெரிந்துதான் அவர் வருகிறார். பொறுமை, நடுநிலை, பின்வரிசைப் பிள்ளையின் மீது அக்கறை, இவற்றைப் பல்கலைக்கழகம் எந்தத் தாளில் வைத்து நடத்தும்? முடியாது என்று நம்புகிறவர்கள் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்: 'பிறவி ஆசிரியர்'. கேட்க இனிமையான பாராட்டுதான். ஆனால் பிறவியில் வாய்க்காதவருக்கு யாரும் உதவ வேண்டியதில்லை என்ற கைவிடலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தமிழ் மரபு இதை வேறு கோணத்தில் அணுகியது. 13ஆம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். ஆனால் எழுத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் யார், பாடம் சொல்வது எப்படி, மாணவர் யார் என்று பேசிவிடுகிறது. நல்லாசிரியரின் தகுதிகளில் குடிப்பிறப்பையும் அது சேர்க்கிறது. இன்று அதை ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. அதே நூல் ஆசிரியர் ஆகத் தகாதவரைப் பற்றிச் சொல்வது மட்டும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அவர்களில் ஒருவர் கழற்குடம் போன்றவர். குடத்தில் ஒவ்வொன்றாகப் போட்ட கழற்காய்கள், கவிழ்த்ததும் மொத்தமாக வந்து விழும். தான் படிப்படியாகக் கற்றதை அவர் ஒரே மூச்சில் மாணவர் மேல் கொட்டுகிறார். இன்னொருவர் மடல் அடர்ந்த பனை. தானாக விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாமே தவிர, ஏறிப் பறிக்க விடாது.

முதலாவது தெளிவாகவே பயிற்சிக் குறை. வகுப்பின் பின்வரிசையில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து கவனித்தால் ஒரே வாரத்தில் எடுத்துச் சொல்லிவிடலாம். இரண்டாவது குணக்கேடு போலத் தெரியும். ஆனால் மாணவரை அண்டவிடாத பல ஆசிரியர்களிடம் இருப்பது கர்வம் அல்ல, பயம். பதில் தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்ற பயம். தெரியாத கேள்வியை வகுப்போடு சேர்ந்து தேடுவது எப்படி என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அந்த மடல்கள் மெல்ல உதிரத் தொடங்கும். பண்பு என்று நாம் பெயரிட்டதில் எவ்வளவு பகுதி பழக்கம் என்பது இங்கேதான் புலப்படுகிறது.

அரிஸ்டாட்டில் அந்தப் பக்கம்தான் நின்றார். வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கொத்தனார் ஆகிறார். நீதியானதைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறார். பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் அடுத்துச் சொன்னதுதான் ஆசிரியர் கல்விக்கு முக்கியம்: மோசமாகக் கட்டிப் பழகினால் மோசமான கொத்தனார்தான் மிஞ்சுவார், அதனால்தான் சொல்லித்தர ஆள் வேண்டும். வெறும் அனுபவம் யாரையும் நல்லவராக்கி விடுவதில்லை. முப்பது ஆண்டு அனுபவம் முப்பது ஆண்டுத் தவறாகவும் இருக்கலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனையே, 1910-ல் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவருடைய புலமையைக் கண்ட பேராசிரியர்கள், சக மாணவர்களுக்கு உளவியல் உரைகள் நிகழ்த்தும்படி அவரையே கேட்டுக்கொண்டார்கள். இருந்தும், பொருள் தெரிந்திருப்பது வேறு, அதைச் சொல்லித்தருவது வேறு என்ற நிர்வாக விதி அவருக்காகத் தளரவில்லை.

இன்றைய விதியும் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. பள்ளிக் களப்பணிக்கு 20 வாரங்களை ஒதுக்கி, அதில் 16 வாரங்களைப் பள்ளியிலேயே தங்கிக் கற்பிக்கும் பயிற்சிக்குக் கொடுத்தன. அந்த 16 வாரங்களில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும், விடைத்தாள் அடுக்கவும், மதியத்தில் ரெக்கார்டு எழுதவும் பயிற்சி மாணவரைப் பயன்படுத்தினால், அரிஸ்டாட்டில் எச்சரித்த மோசமான கட்டுமானம்தான் அங்கே எழும்.

பின்லாந்து 1970-களில் ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றியது. முதுகலைப் பட்டத்தையும் கட்டாயமாக்கியது. இவற்றைவிடப் பெரிதாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே பல்கலைக்கழகங்களுக்கென்றே பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது போலவே, பயிற்சி மாணவரின் வகுப்பைக் கவனித்து அவரோடு உட்கார்ந்து பேசுவதும் வேலையின் பகுதி. நம் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர் இதைத் தன் பாடவேளைகளுக்கு நடுவே, கிடைத்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. அவருடைய கால அட்டவணையில் நாளுக்கு ஒரு பாடவேளையாவது இதற்கென விடுவிக்கப்பட வேண்டும். அந்த வேளையில் அவர் பயிற்சி மாணவரிடம் இன்றைக்கு யாரிடம் கேள்வி கேட்டாய், யாரைப் பார்க்காமலே விட்டாய், ஏன் என்று கேட்கட்டும்.