ஏழையின் இரகசியமும் அடைக்கலப் பொருளே

அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்டன் சமவெளிக்கு அண்மையில் கிடக்கும் டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்தில் தீக்காயமுற்று, 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் திகதி வைத்தியசாலையில் உயிர் நீத்தாள். மலையக நகரங்களில் மக்கள் நீதி கேட்டு வீதியில் திரண்டார்கள். டயகமவில் அடக்கம் செய்யப்பட்ட சடலம் அம்மாத இறுதியிலேயே நீதிமன்ற உத்தரவின்படி தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. விசாரணை தன் வழியில் நடந்துகொண்டிருக்க, அதன் அருகிலேயே வேறோர் அநியாயமும் நடந்தேறியது. சட்ட வைத்திய அதிகாரிக்கும் நீதவானுக்கும் இருதரப்புச் சட்டத்தரணிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்திருக்கவேண்டிய, ஒரு குழந்தையின் தேகத்தைப் பற்றிய மிக அந்தரங்கமான வைத்தியக் குறிப்புகள், அவளுடைய பெயரோடும் படத்தோடும் பத்திரிகைகளில் அச்சாகி, கையடக்கத் தொலைபேசிகளின் வழியே கைக்குக் கை பரவின. பாலியல் குற்றங்களுக்கு ஆளானதாகக் கூறப்படுவோரின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடலாகாதென்று தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு விதித்திருக்கும் நாட்டிலேயே இது நிகழ்ந்தது.

அச்செய்திகள் எவ்வழியாக வெளிவந்திருப்பினும், அந்நிகழ்ச்சி எழுப்பும் தர்மப் பிரச்சினை ஒன்றே. நியாயத்தை நாடி ஒருவர் நம்பி ஒப்படைத்த அந்தரங்கத்தை, பொதுநன்மையின் பெயராலேனும், பரிதாபத்தின் பெயராலேனும், மற்றவர் எடுத்து வெளியிடலாமா? கூடாது என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. இத்தீர்ப்பு பொலிஸ் நிலையத்துக்கும் வைத்தியசாலைக்கும் பொருந்துமாயினும், சட்டத்தரணியின் காரியாலயத்துக்கே முதன்மையாகப் பொருந்துகிறது. ஏனெனில் மற்ற இடங்களில் மனிதனுடைய இரகசியம் விசாரணையால் வெளிக்கொணரப்படுகிறது, சட்டத்தரணியின் முன்னிலையிலோ அவன் தானாகவே மனத்தைத் திறந்து வைக்கிறான்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு சாதாரணச் சட்டத்தரணியின் காரியாலயத்தை எண்ணிப்பார்ப்போம். அங்கே அலுமாரியில் அடுக்கப்பட்டிருக்கும் கோவைகளுக்குள் பிறப்புச் சான்றிதழ்களும், அடையாள அட்டைப் பிரதிகளும், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களும், கணவனால் கைவிடப்பட்ட பெண் தாபரிப்புக் கேட்டுச் சொன்ன வாக்குமூலமும், மகளுக்கு நேர்ந்த தீங்கைத் தாயொருத்தி தயங்கித் தயங்கிச் சொன்ன விபரமும் இருக்கின்றன. அவற்றைச் சட்டத்தரணி மட்டுமா பார்க்கிறார்? எழுதுவினைஞர் பார்க்கிறார், தட்டச்சாளர் பார்க்கிறார், போட்டோப் பிரதி எடுக்கும் கடைக்காரர் பார்க்கிறார், இந்நாளில் அவசரத்துக்குப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் பத்திரத்தை இன்னும் யார் யாரோ பார்க்கிறார்கள். தன் கஷ்டத்தைச் சொல்லப் பஸ் ஏறி வந்த தோட்டத் தொழிலாளி, அவள் வீடு திரும்புவதற்குள் அவள் கதை தோட்டத்து லயன் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுமானால், அடுத்த முறை எந்த அநீதியையும் வாய் திறந்து சொல்லுவாளா?

நம் முன்னோர்கள் இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கேட்ட மறைபொருளைப் பிறரிடம் கொண்டு சேர்ப்பவனை அறையப்படும் பறைக்கு ஒப்பிட்ட வள்ளுவர், அக்கருத்தை வைத்த அதிகாரத்தின் பெயர் கயமை என்பதை மறத்தலாகாது. உண்மையைத்தானே சொன்னோம் என்று தப்ப நினைப்போருக்கும் அவரிடத்தில் விடை உண்டு. பிறருக்குத் தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்பது அவர் வகுத்த இலக்கணம். மகாபாரதத்திலே, கர்ண பருவத்தில், கண்ணபிரான் அருச்சுனனுக்குக் கௌசிகன் என்னும் தபஸ்வியின் வரலாற்றைச் சொல்லுகிறார். பொய்யே பேசுவதில்லை என்று விரதம் பூண்ட அவன், ஒளிந்திருந்தவர்கள் இருக்குமிடத்தைத் துரத்திவந்த கள்வர்களுக்கு உள்ளபடியே காட்டிக்கொடுத்து, அவர்கள் கொலையுண்ணக் காரணமாகி, அந்தச் சத்தியத்தினாலேயே நரகம் புகுந்தான். அதே இதிகாசத்தில், தன் பிறப்பின் இரகசியத்தைப் பாண்டவரிடம் வெளியிடவேண்டாம் என்று கர்ணன் கண்ணபிரானை வேண்டிக்கொள்ள, அவன் எதிர்ப்படையின் தலைசிறந்த வீரன் என்று தெரிந்திருந்தும், போர் முடியும் வரை அந்த வேண்டுகோள் காக்கப்பட்டது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலப்பதிகாரத்து மாதரியை நினைக்கவேண்டும். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது அரண்மனையில் அன்று, மதுரையின் புறஞ்சேரியில், ஓர் இடைக்குல மூதாட்டியிடத்தில். அடைக்கலத்தைத் தான் காக்கத் தவறினேன் என்ற துயரம் பொறாமல் அம்மூதாட்டி தன் உயிரையே விட்டாள் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். பட்டம் எதுவும் பெறாத மாதரிக்கு இருந்த அந்த அறவுணர்வு, பட்டமும் பிரமாணமும் பெற்று நீதிமன்றத்தில் கறுப்பங்கி அணிந்து நிற்போருக்கு இல்லாதிருக்கலாமோ?

அறநூல்கள் விதித்ததையே சட்டமும் விதித்திருக்கிறது. பிரக்கிராசியென்றும் அப்புக்காத்தென்றும் மக்கள் அழைத்த காலத்திலேயே, 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், கட்சிக்காரன் தன் சட்டவறிஞரிடம் தொழில்முறையில் கூறியதை, அவனுடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடலாகாதென்று 126ஆம் பிரிவில் கட்டளையிட்டது. தொழிலுறவு முடிந்த பின்னரும் அக்கடமை தொடரும் என்றும் சொன்னது. அடுத்த பிரிவு அக்கடமையை எழுதுவினைஞர்மீதும் மொழிபெயர்ப்பாளர்மீதும் சுமத்துகிறது. மலையகத்தில் இதன் முக்கியத்துவம் பெரிது; தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாயின் வாக்கு சிங்களத்துக்குப் போகும் வழியில் இடையே நிற்கும் மனிதரும் அந்த அடைக்கலத்துக்குக் காவலரே ஆவார். உயர் நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டுத் தொழில் ஒழுக்க விதிகளும் இதனை வலியுறுத்துகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சிறுவர் பற்றிய தரவையும், உடல்நலம் பற்றிய தரவையும், குற்ற நடவடிக்கை பற்றிய தரவையும் விசேட வகையாகக் கொண்டு மேலதிகக் காப்பை வேண்டுகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான ஏற்பாடுகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் ஒத்திவைக்கப்படலாம், தர்மத்தை ஒத்திவைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

இக்கடமை எல்லாருக்கும் பொதுவாயினும், தோட்டத்து மக்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதிலும் பெரிது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில், அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கும் சுவருக்குள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அச்சமுதாயத்துக்கு அந்தரங்கம் என்பது உரிமையாகவே அங்கீகரிக்கப்படவில்லை. அவர்கள் வேலைக்கு வந்த வருகை செக்ரோல் என்னும் பதிவேட்டில். அவர்கள் பிறப்பும் இறப்பும் தோட்டக் காரியாலயத்தின் ஏட்டில். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பின்னர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க நேர்ந்தபோது, விவாகமானவராயின் ஏழாண்டும் அல்லாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்தமையையும், வாழ்வதற்குப் போதிய வருமானம் உண்டென்பதையும் அவர்கள் நிரூபிக்கவேண்டியிருந்தது. தாம் மனிதர்தாம் என்று மெய்ப்பிப்பதற்காகத் தம் வாழ்வின் ஏடு முழுவதையும் அந்நியர் கையில் கொடுத்துக் காத்திருந்த மக்கள் அவர்கள். செல்வந்தனுடைய கோவைக்குப் பூட்டும், ஏழையின் கோவைக்குத் திறந்த மேசையும் என்றிருக்குமானால், அவ்விடத்தில் நடப்பது நீதித்தொழில் ஆகமாட்டாது.

மறுபக்கத்தில் ஒரு நியாயம் உண்டென்பதையும் சொல்லிவிடவேண்டும். டயகமச் சிறுமியின் மரணம் மறைக்கப்படாமல் விசாரணைக்கு வந்ததில் மக்களின் குரலுக்குப் பங்குண்டு. 2016ஆம் ஆண்டில் பனாமா நாட்டு மொசாக் பொன்சேகா என்ற சட்ட நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 15 இலட்சம் ஆவணங்கள் வெளியானதால், வலியோர் பலரின் மறைசெல்வம் வெளிச்சத்துக்கு வந்ததும், ஐஸ்லாந்துப் பிரதமர் பதவி துறந்ததும் மெய்யே. எனினும், சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகக் கூறப்பட்டதை நமது 126ஆம் பிரிவே காக்க மறுக்கிறது. ஆகவே வஞ்சகனின் சூழ்ச்சியை எடுத்துக்காட்டி அபலையின் துயரத்தை அம்பலப்படுத்துவது நியாயமாகாது. மரணத்துக்கு நீதி கேட்க அந்த மரணத்தைச் சொன்னால் போதும். குழந்தையின் தேகத்தைக் கடைத்தெருவில் விரிக்கவேண்டியதில்லை.

எனவே சட்டத்தொழில் புரிவோர் இதனை நெஞ்சில் பொறித்துக்கொள்ளல்வேண்டும். கட்சிக்காரர் சொல்லுவதைத் தனி அறையில், கதவைச் சாத்தி, உறவினரையும் வெளியே இருத்திக் கேளுங்கள். வழக்குக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள், தேவையற்றதைக் கேளாதிருங்கள். கோவையைப் பூட்டி வையுங்கள். கணினிக்கும் தொலைபேசிக்கும் பூட்டிடுங்கள். எழுதுவினைஞருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு முன் இந்த அறத்தைக் கற்பியுங்கள். வழக்கு முடிந்ததும் மூலப் பத்திரங்களை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். பத்திரிகையாளர் கேட்டாலும், அரசியல்வாதி கேட்டாலும், நண்பர்கள் விருந்தில் கேட்டாலும், கட்சிக்காரரின் சம்மதம் இல்லாதவரையில் மௌனமாயிருங்கள். பொதுமக்களாகிய நாமும் நம் தொலைபேசிக்கு வந்து சேரும் பிறர் துயரை இன்னொருவருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்துவோமாக. கொழுந்துக் கூடையைத் தவிர வேறு சொத்தில்லாதவர்களுக்கும் மானம் என்னும் சொத்து உண்டு. அதனை நம்பி ஒப்படைத்தவர் எவராயினும், அது காக்கப்படும் என்று உறுதி கூற இயலாத காரியாலயம், நீதியின் பெயரைத் தன் வாயிற் பலகையில் எழுதிக்கொள்ளத் தகுதியற்றது.