பிரேக் யாருடைய சொத்து?

அம்பகரத்தூரில் அக்கா வீட்டு வாசலில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. பி.ஒய்.02 நம்பர். வரி குறைவு என்று பாண்டிச்சேரி விலாசம் தேடி வந்த கார் அல்ல. அசல் காரைக்கால் பிரஜை. போன தடவை நான் போனபோது முன் சக்கரங்கள் இரண்டும் கழன்று திண்ணையில் சாய்ந்திருந்தன. பக்கத்தில் கையெல்லாம் கரியோடு அக்கா பையன்.

"என்னடா பண்றே?"

"பிரேக் பேடு மாத்துறேன் மாமா. டிஸ்க்கும் தேஞ்சு போச்சு."

"மெக்கானிக்?"

"அவங்க அவசரத்துல செய்வாங்க. என் காரு, என் உயிரு. நானே பாத்துக்கறேன்."

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கேலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டியிருந்தான். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்திருந்தான். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினான். எனக்கு உறுத்தியது அந்த 'என் உயிரு'தான்.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் சாதனம். வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கவேண்டிய சக்தி நாலு மடங்கு. 1953-ல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்ததற்கு டிஸ்க் பிரேக் ஒரு முக்கியக் காரணம். மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடிக்க முடிந்தது. ஆனால் பந்தயத்தில் இறங்குகிறவன் ஆபத்து தெரிந்து இறங்குகிறான். சனிக்கிழமை பக்கத்துத் திருநள்ளாற்றுக்கு நடந்து போகிறவரை யார் கேட்டார்கள்?

அதற்காக வீட்டில் மாற்றவே கூடாதா? அப்படியில்லை. அக்கறையுள்ள கை அவசரக் கையைவிட மேல். ஆனால் அக்கறைக்கு ஒரு வியாதி உண்டு: தன் வேலையில் தப்பே இருக்காது என்று நம்பிவிடும்.

சக்கரங்களை மாட்டிவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வரலாம் மாமா" என்று ஸ்டார்ட் பண்ணினான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டேன்: "பெடலை மிதிச்சுப் பாத்தியா?"

மிதித்தான். கால் அடிவரை போய்விட்டது. தடித்த புதுப் பேடுக்கு இடம்விட பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். நாலைந்து முறை மிதித்தால்தான் அது திரும்பி வந்து பேடைத் தொடும். அதுவரை பிரேக் கிடையாது. முன்னால் தெருவில் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் பூக்கூடையோடு ஓர் அம்மா போய்க்கொண்டிருந்தார்.

பையன் இன்ஜினை அணைத்தான். ஒன்றும் பேசவில்லை. பெடல் கெட்டியாகும் வரை மிதித்தான். பிறகு தெருமுனை மெக்கானிக்கைத் தானே போய்க் கூட்டி வந்தான். அவர் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"வீணா அவரைச் சிரமப்படுத்திட்டேனோ மாமா?"

"பூக்கார அம்மாவைக் கேளு" என்றேன்.

பிரேக் நம் காரில்தான் இருக்கிறது. ஆனால் அது எதிரே வருகிறவருடைய சொத்து. நாம் பராமரிக்கிறோம், அவ்வளவுதான்.